பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

வைஸ் கையோடு வந்துவிட்டது.

விடுமுறை நாள் மத்தியானம். எக்ஸ்ரேக்காரர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு கம்பியை வைஸின் இரும்புத் தாடையில் இறுக்கி வளைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் கார் கிடையாது, இரும்புதான். அவர் பெரிதாகப் பலம் எதுவும் கொடுக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வைஸும் அது உட்கார்ந்திருந்த குழாயும் மெல்லச் சாய்ந்து, தூக்கக் கலக்கத்தில் தோளில் விழும் பக்கத்து இருக்கைக்காரர் மாதிரி அவர்மேல் வந்து சாய்ந்தன. தரையில் போல்ட் போட்டு வைத்திருந்த கனத்த பிளேட் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

குனிந்து பார்த்தார். குழாய் வெல்டிங் ஆகியிருந்த இடத்தில் பிளேட்டின் தோல் அப்படியே இருந்தது. கடையில் வாங்கும்போது இரும்புக்கு ஒரு நீலக்கறுப்புப் பளபளப்பு இருக்குமே, அது. ஒரு வளையத் தடம் தவிர அங்கே எதுவும் நடந்ததற்கான அடையாளமே இல்லை. மேஜையில் சொட்டிய மெழுகு ஆறியதும் நகத்தால் நெம்பினால் முழுசாகக் கழன்று வருமே, அப்படிக் கழன்றிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி ஒட்டியிருப்பார்கள். இவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வைஸ் தாங்கியைச் செய்த அதே வாரம், அதே மெஷினில், அதே பிளேட்டையும் அதே குழாயையும் வைத்து இன்னும் இரண்டு மூட்டுகள் போட்டிருந்தார். அவை இரண்டும் அடுத்த தெருவில் அக்காவின் கட்டிலுக்கு மேலே, கூரையில் இருந்தன. தினமும் காலையில் அக்கா அவற்றில்தான் தொங்குகிறார்.

*

அவருக்குத் தெருவில் பெயரே எக்ஸ்ரேக்காரர்தான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் வேலை. கையை இப்படி வையுங்கள், தோளை இறக்குங்கள், மூச்சை இழுத்துப் பிடியுங்கள், இப்போது விடலாம். தலை நரைக்கும்வரை இதே நாலு வாக்கியங்கள்.

இரும்பு ஆசை அந்த அறையில்தான் வந்தது. விபத்தில் சிக்கியவர்களின் தொடையிலும் இடுப்பிலும் வைத்திருக்கும் பிளேட்டும் ஸ்குரூவும் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும். எலும்பை விட இரும்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தோன்றியிருக்கிறது. ஒரு கிரைண்டர் வாங்கினார். பிறகு ஒரு சின்ன மிக் வெல்டிங் மெஷின். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள்: உடைந்ததைப் பார்ப்பது டூட்டி, ஒட்டுவது வீட்டில்.

மிக் மெஷின் ஆள்மயக்கி. டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானே வரும், தானே உருகும். கை நடுங்காமல் இழுத்துக்கொண்டு போனால் போதும், மீன் செதில் அடுக்கினது மாதிரி ஒரு வரி விழும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். மெல்லிய தகட்டில் சின்ன மெஷினை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கனத்த பிளேட்டுக்கு அதன் சூடு காணாது. கம்பி உருகும், பிளேட் உருகாது. மேலே செதில் அதே அழகோடு விழுந்திருக்கும். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டிச் சட்டம், பக்கத்து வீட்டுக் கேட்டுக்குக் கீல் என்று போய்க்கொண்டிருந்தவர் கையில் முதன்முதலாகக் கனமான வேலை வந்தது அக்காவால்தான்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதுகுத்தண்டில் வந்த ஒரு கட்டியை எடுத்தபோது கால் இரண்டும் ஓய்ந்துபோயின. கைகளில் மட்டும் பலம் மிச்சம். மூன்று மாதம் வார்டில் கிடந்தார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணி, மூட்டை மாதிரித் தூக்கி வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: யாரும் எண்ணாமல் நானே எழுந்திரிக்கணும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாட்டும் கைப்பிடி ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பார்த்தாலே வார்டு வாசனை வருகிறது என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். பிறகுதான் எக்ஸ்ரேக்காரர் தானே செய்தார். கூரை கான்கிரீட்டில் போல்ட் போட்ட இரண்டு பிளேட்டுகள், கதவுப் பக்கம் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கீழே இறங்கும். இரண்டையும் சேர்த்துப் போல்டில் மாட்டிய ஒரு குறுக்குக் கம்பி. பழைய கேட் பெயிண்டோடு கொஞ்சம் வெள்ளையைக் கலந்து, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு வெளிர்பச்சையை அடித்து முடித்தார். அக்கா கம்பியைப் பிடித்து, ஒரே இழுப்பில் எழுந்து, பக்கத்தில் இருந்த சக்கர நாற்காலிக்கு மாறினார்.

“தூக்குமேடை நல்லாத்தான் இருக்கு” என்றார். அதற்குப் பெயர் அதுவே நிலைத்தது.

அன்று கூட இருந்த வெளியாள் ஒருவர்தான். லெஃப்டு.

லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறவர். லிஃப்ட் பார்க்கும் லெஃப்டு என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்க வந்தபோது பழக்கம். அவருக்கும் வீட்டில் ஒரு ஷெட், அதில் இவருடையதைப் போல இரண்டு மடங்கு மெஷின். எக்ஸ்ரேக்காரரைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து “டாக்டரே” என்றுதான் கூப்பிடுவார். அன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கூரையை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். “அழகா இருக்கு டாக்டரே” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உறுதியாக இருக்கிறது என்று சொல்லவில்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

லெஃப்டு போன வருஷம் இறந்துபோனார்.

நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று வந்தவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்தது எக்ஸ்ரேக்காரர்தான். பலகையில் நெஞ்சைச் சாய்த்து நிற்க வைத்தபோது லெஃப்டு தலையைத் திருப்பினார்.

“டாக்டரே, அக்கா வீட்டுல இன்னும் ஒண்ணு...”

“அண்ணே, அப்புறம் பேசலாம். மூச்ச நல்லா இழுத்து அப்படியே பிடிங்க.”

லெஃப்டு சொன்னபடி கேட்டார். மூச்சை இழுத்தார், பிடித்தார். படம் தெளிவாக வந்தது. இதயத்தின் நிழல் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. மேலே கொண்டுபோனார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா வீட்டில் இன்னும் ஒன்று என்றால் என்ன? எதை இன்னும் ஒன்று? அக்காவுக்கு ஒரு முக்காலி செய்து தருவதாக லெஃப்டு எப்போதோ சொல்லியிருந்தார், அதுவாக இருக்கும் என்று எக்ஸ்ரேக்காரர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். இன்னொரு விஷயத்துக்குத்தான் சமாதானம் கிடைக்கவில்லை. படம் எடுத்த பிறகு ‘இப்போது விடலாம்’ என்று சொன்னோமா? ஆயிரக்கணக்கானவர்களிடம் சொன்ன வாக்கியம். அன்று ஒருவரிடம் மட்டும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அதன் பிறகு லெஃப்டின் ஷெட் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

*

வைஸ் விழுந்த அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தக் கம்பியக் கொஞ்ச நாளைக்குப் பிடிக்காத.”

“ஏன், அதுக்கு உடம்பு சரியில்லையா?”

வைஸ் கதையைச் சொன்னார். பிளேட்டின் தோல் உருகவே இல்லை என்பதைச் சொன்னார். இரண்டு தொங்குகுழாயையும் கழற்றி எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும், கூரையிலிருந்து நீ விழுந்தால் கால் மட்டுமல்ல, இடுப்பும் போய்விடும், அந்தப் படத்தையும் நான்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அக்கா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

“அஞ்சு வருஷமாத் தொங்கறேன். விழறதா இருந்தா எப்பவோ விழுந்திருப்பேன்.”

“இரும்பு அப்படி இல்லக்கா. நேத்து வரைக்கும் நின்னுச்சுங்கிறது இன்னைக்குச் செல்லாது.”

“மனுஷனும் அப்படித்தான். அதக் கழட்டக் கூடாது. அவ்வளவுதான்.”

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. இத்தனைக்கும் பிடிவாதக்காரர் இல்லை, கணக்குப் பார்த்து விட்டுக்கொடுக்கிறவர். கதவை உடைத்து மாற்றுவதாக இருந்தால்கூட, சரி, யோசிப்போம் என்பார். இந்தக் கம்பி விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடம் இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழி இல்லாமல் எக்ஸ்ரேக்காரர் தினமும் டூட்டிக்கு முன்னால் போய், அக்கா எழும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து நிற்க ஆரம்பித்தார்.

“என்னடா இது, விக்கெட் கீப்பர் மாதிரி?” என்பார் அக்கா. “நான் உன் கையில விழுந்தா ரெண்டு பேருக்கும்தான் படம் எடுக்கணும்.”

சிரிப்பு வராது. குறுக்குக் கம்பியில் எடை விழும் அந்த ஒரு நொடியில் அவருடைய காது கூரைக்குப் போய்விடும். ‘டிக்’ வருகிறதா?

அந்தச் சத்தம் அவரை விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வாசல்படியைத் தாண்டும்போது கேட்டது. வெந்நீர் கொதித்து இறக்கிய பாத்திரம் ஆறும்போது கேட்டது. மாடிப்படிக் கைப்பிடியில் கை வைத்தால், கண் தானாக மூட்டைத் தேடிப் போனது. செதில் அழகாக இருந்தால் பயம் இன்னும் கூடியது. எக்ஸ்ரே அறையில் அந்த உடைந்த வைஸ் குழாயையே ஒருநாள் படம் எடுத்துப் பார்த்தார். படத்தில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தாலும் படத்தில் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். விரிசல் ஒரு பக்கம் பார்த்து ஓட, கதிர் வேறு பக்கம் பார்த்துப் போனால், உடைந்த எலும்புகூட முழு எலும்பாகத்தான் படத்தில் விழும்.

*

பெரிய மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தார். அக்காவை எப்படியாவது சம்மதிக்க வைத்து, கழற்றி, பழைய வெல்டிங்கை முழுவதும் அறுத்துவிட்டு, கனத்த பிளேட்டின் உள்ளே இறங்கிப் பிடிக்கிற மாதிரி புதிதாகப் போட வேண்டும். மனைவி நியாயமாக ஒன்று கேட்டார்: மெயின் ரோட்டில் கேட் செய்கிறவரைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட மாட்டாரா? எக்ஸ்ரேக்காரர் தலையாட்டினார், ஆனால் போகவில்லை. தான் ஒட்டினதைப் பிரித்து இன்னொருவர் முன்னால் வைப்பதற்கு அவரால் முடியவில்லை.

மெஷின் கடை விற்பனையாளர் நல்ல பேச்சுக்காரர்.

“ஹாபிக்கா சார்? அப்ப இருநூறு ஆம்ப்ஸே உங்களுக்கு யானை. வீட்டுல கட்டித் தீனி போட முடியாது.”

எக்ஸ்ரேக்காரர் இருநூறையும் இருநூற்றைம்பதையும் வரிசையாக வைக்கச் சொன்னார். தொடர்ந்து எவ்வளவு நேரம் வெல்டிங் அடிக்கலாம், எப்போது ஓய்வு கேட்கும், டார்ச் கேபிள் எவ்வளவு நீளம், வயரைத் தள்ளும் சக்கரம் பிளாஸ்டிக்கா இரும்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, கூடவே கொண்டுபோயிருந்த பையைத் திறந்து, கனத்த பிளேட் துண்டுகளையும் குழாய்த் துண்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு மெஷினிலும் ஒவ்வொன்று ஒட்டினார். இரண்டிலும் செதில் பிரமாதமாக விழுந்தது. விற்பனையாளர் கைதட்டாத குறை.

“ஒரு சுத்தியல் கிடைக்குமா?” என்றார் எக்ஸ்ரேக்காரர்.

“எதுக்கு சார்?”

“உள்ள பிடிச்சிருக்கான்னு பார்க்க.”

“மேலதான் அவ்வளவு அழகா வந்திருக்கே சார்.”

“அதான் பயமா இருக்கு.”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, ஓங்கி ஓங்கி அடித்தார். இருநூறு ஆம்ப்ஸ் துண்டு ஒரு ஓரத்தில் வாயைத் திறந்தது. இருநூற்றைம்பது அசையவில்லை, குழாய்தான் நசுங்கியது. தேர்வு முடிந்தது. ஆனால் அந்த மெஷின் வர மூன்று வாரம் ஆகும் என்றார் விற்பனையாளர். அதோடு வீட்டுக்குத் த்ரீ ஃபேஸ் லைன் வேண்டும், இல்லாவிட்டால் விசையை அழுத்தினதும் தெருவே இருட்டாகிவிடும், அக்கம்பக்கத்துச் சாபம் தனி என்றார்.

மூன்று வாரம், தினமும் ஒரு ‘டிக்’குக்காகக் காது கொடுத்துக்கொண்டு நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனைவிதான் சொன்னார். “லெஃப்டு அண்ணன் மெஷினும் அதே அளவுதானே? லைனும் அங்கேயே இருக்கு. அவர் தம்பி, எடுத்துக்கிட்டா எடம் காலியாகும்னு ரெண்டு தடவ சொல்லிட்டார்.”

எக்ஸ்ரேக்காரர் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

“ஏங்க, செத்தவரோட மெஷின்னு பயமா?”

“மெஷினுக்குப் பயம் இல்ல.”

*

லெஃப்டின் தம்பி பேட்டரி கடை வைத்திருப்பவர். சாவியைக் கொடுத்து, தூசிக்கு மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் போன பிறகு உள்ளே யாரும் எதையும் தொடவில்லையாம்.

ஷெட்டுக்குள் வலித் தைலத்தின் வாசனை இன்னும் இருந்தது. லெஃப்டு தோள்பட்டைக்குத் தடவிக்கொள்வது. சுவரில் ஆணி எல்லாம் இடது பக்கம், முகமூடி இடது பக்கம், டார்ச்சை மாட்டும் கொக்கி இடது பக்கம். மேஜைமேல் கையுறைகள் விரலை மடக்கியபடி கிடந்தன, இப்போதுதான் கையை உருவிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போன மாதிரி. இடது உறை தேய்ந்து கருகியிருந்தது. வலது உறை கிட்டத்தட்டப் புதிது.

மெஷின்மேல் இருந்த தார்ப்பாயை விலக்கினார். இரண்டு குமிழ்கள். அளவுகளைப் படித்ததும் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அது மெல்லிய தகட்டுக்கான அளவு இல்லை. லெஃப்டு பொழுதுபோக்குக்குச் செய்துகொண்டிருந்த விளக்குக் கூண்டு, நாற்காலி எதற்கும் இவ்வளவு சூடு வேண்டாம். கடையில் அவர் சுத்தியலால் அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே அளவு. கனத்த பிளேட்டுக்கானது.

பிறகுதான் அந்த டின்னைப் பார்த்தார். ஒரு பழைய பால் பவுடர் டின், அடியில் காய்ந்து வெடித்த பெயிண்ட், அதற்குள் ஒட்டிப்போன பிரஷ். வெளிர்பச்சை. எந்தக் கடையிலும் கிடைக்காத பச்சை. மிச்சத்தை அவர் வைத்துவிட்டு வந்தது அக்கா வீட்டில்.

டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு பேட்டரி கடைக்குப் போய் லெஃப்டின் தம்பியிடம், அண்ணன் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்.

“என்னமோ ஒரு குழாய் சார். காலையில கொண்டுவந்தாரு, அவசர அவசரமா வெல்டிங் அடிச்சாரு, பச்சை பூசி, காயறதுக்குள்ள சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாரு. பிரஷ்ஷக்கூடக் கழுவல. அந்த வாரம்தான் நெஞ்சு வலின்னாரு.”

*

அக்காவிடம் நேராகவே கேட்டார். அக்கா கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

“டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல அத்தனை வருஷம் ஊர்ப் பேச்செல்லாம் காதுல வாங்கினவ நான். ஒண்ணையாவது வெளிய விட்டிருப்பேனா? உன்னால இப்ப விட வேண்டியிருக்கு.”

லெஃப்டு போன வருஷம் ஒருநாள் பகலில், எக்ஸ்ரேக்காரர் டூட்டிக்குப் போன பிறகு வந்திருக்கிறார். கம்பியை இன்னும் கொஞ்சம் பலப்படுத்த வேண்டும், ஹாலில் இருங்கள் என்றிருக்கிறார். உள்ளே கழற்றி, சாக்கில் சுற்றி எடுத்துப்போய், அக்கா மறுபடி கட்டிலுக்குப் போவதற்குள் கொண்டுவந்து மாட்டிவிட்டார். போகும்போது, வேலை ஆச்சு, பெயிண்ட் அடிக்க அடுத்த வாரம் ஒரு தடவை வருகிறேன் என்றிருக்கிறார். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

“உங்கிட்டச் சொன்னா நீ அப்புறம் டார்ச்சயே கையில எடுக்க மாட்டேன்னாரு. டாக்டருக்கு மனசு ரொம்ப மெலிசான தகடுன்னாரு.” அக்கா போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். “படுத்தா நேரா கண்ணுக்கு முன்னாடி அதுதாண்டா இருக்கு. காலைல கம்பியப் பிடிச்சா, அவர் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். அதனாலதான் கழட்டாதேன்னேன். போதுமா?”

லெஃப்டு வந்தால் அக்கா ரேடியோவை அணைத்துவிடுவார் என்பது எக்ஸ்ரேக்காரருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. வேறு யார் வந்தாலும் சத்தத்தைக் குறைப்பதோடு சரி.

எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. மெஷின் வேண்டாம், லைன் வேண்டாம், சுத்தியல் வேண்டாம். லெஃப்டு கை வைத்தது விழாது.

“கழட்டல அக்கா. ஒரே ஒரு தடவ பெயிண்டச் சுரண்டிப் பார்த்துக்கறேன். அவரோட கையப் பார்க்கணும் போல இருக்கு.”

அக்கா தலையசைத்தார். நாற்காலிக்கு மாறி ஓரமாக இருந்தார். எக்ஸ்ரேக்காரர் ஏணியைப் போட்டுக் கதவுப் பக்க மூட்டைச் சுரண்டினார். பச்சை உதிர்ந்து இரும்பு தெரிந்தது. செதில்கள் தலைகீழாக ஓடியிருந்தன. வலது கைக்காரர்கள் எந்தப் பக்கம் இழுப்பார்களோ, அதற்கு எதிர்ப்பக்கம். இடது கையின் வேலை. பிளேட்டின் ஓரங்கள் உருகி, உள்வாங்கி, குழாயோடு கலந்திருந்தன. விரலால் தடவிப் பார்த்தார். அந்த ஆளின் கையைத் தொடுவது மாதிரிதான் இருந்தது.

“அவர்தான்” என்றார் கீழே பார்த்து. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏணியை நகர்த்தி ஜன்னல் பக்கம் வைத்தார். சுரண்டினார்.

செதில்கள் நேராக ஓடியிருந்தன.

இன்னும் கொஞ்சம் சுரண்டினார். சுற்றிலும் சுரண்டினார். அழகான, சீரான, வலது கைச் செதில்கள். கையெழுத்தைப் பார்த்துத் தன்னுடையது இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஓரத்தில் பிளேட்டின் நீலக்கறுப்புத் தோல் வெல்டிங்கின் விளிம்புவரை அப்படியே வந்து நின்றிருந்தது.

*அக்கா வீட்டுல இன்னும் ஒண்ணு.*

அறை எங்கும் தைல வாசனை அடித்த மாதிரி இருந்தது. ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னடா?”

“அன்னைக்குப் படம் எடுக்கும்போது சொல்ல வந்தாரு. இன்னும் ஒண்ணு இருக்குன்னு. நான்தான் பேசாதீங்கன்னேன்.”

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டிலைப் பார்த்தார், ஜன்னல் பக்கக் குழாயைப் பார்த்தார். அந்தப் பாதி மூட்டில் ஒரு வருஷமாகத் தொங்கியிருக்கிறார், நிம்மதியாக.

“பெயிண்ட் அடிக்க வர்றேன்னாரு” என்றார் மெதுவாக. “நான் பெயிண்ட்டுன்னுதாண்டா நெனச்சேன்.”

*

ஜன்னல் பக்கக் குழாயைக் கழற்ற அக்கா மறுப்புச் சொல்லவில்லை. லெஃப்டின் ஷெட்டில் அதைப் பெரிய வைஸில் இறுக்கி ஒரு அடி அடித்தார். ‘டிக்’. குழாய் தனியாக, பிளேட் தனியாக விழுந்தன. பிளேட்டில் சுத்தமான ஒரு வளையம். உருகின அடையாளம் ஒரு சிட்டிகை இடத்தில் மட்டும், மொச்சைக்கொட்டை அளவுக்கு. அத்தனை நாளும் அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான்.

பழைய வெல்டிங்கை முழுவதும் அரைத்து எடுத்தார். பிளேட்டின் தோலை வெள்ளை தெரியும்வரை உரித்தார். மெஷினைப் போட்டார். உள்ளே விசிறி சுழன்று ஒரு வருஷத் தூசியை ஊதியது. குமிழ்கள் இரண்டையும் தொடவில்லை. அடுத்த வாரம் செய்ய இருந்த வேலைக்காக லெஃப்டு அப்படியே விட்டுப்போன அளவு.

அந்த மேஜையில் வலது கைக்காரர் நிற்பது கஷ்டம். டார்ச் தப்பான பக்கத்திலிருந்து வந்தது, கேபிள் வயிற்றின் குறுக்கே ஓடியது. இடது பக்கம் ஒரு ஆள் நிற்பதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றால்தான் கை வசப்பட்டது. அப்படியே நின்றார். முகமூடியை இறக்கினார். உறுமலோடு வெளிச்சம் பிறந்தது. முதல்முறையாகப் பிளேட் உருகுவதைப் பார்த்தார். கம்பி மேலே உட்காரவில்லை, உள்ளே இறங்கிக் குளமாக நின்றது. இரண்டு கரையும் கரைந்து அதோடு சேர்ந்தன.

ஆறும்போது ‘டிக், டிக்’ என்றது. அது சுருங்கும் சத்தம், எல்லா இரும்பும் போடுவது. தெரிந்தும் ஒவ்வொன்றுக்கும் முதுகு சிலிர்த்தது. ஆறியதும் கை வலிக்கும்வரை அடித்தார். அசையவில்லை.

மெஷினுக்கு வண்டி எப்போது அனுப்பட்டும் என்று லெஃப்டின் தம்பி கேட்டதற்கு, வீட்டில் லைன் வரட்டும் என்றார். கடைக்குப் போன் செய்து, புதியது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பெரிய மெஷின் எது என்று முடிவாகிவிட்டது.

திரும்ப மாட்டியபோது பச்சை அடிக்கவில்லை. துரு பிடிக்காமல் இருக்க இரண்டு மூட்டுக்கும் நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசினார். அக்கா கேட்டது அதுதான். படுத்தபடி அண்ணாந்து பார்த்தால், கதவுப் பக்கம் ஒரு கை இப்படியும் ஜன்னல் பக்கம் இன்னொரு கை அப்படியும் இழுத்த செதில்கள் தெரியும்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கையை விரித்து நின்றார். அக்கா கம்பியைப் பிடித்தார். குறுக்குக் கம்பி லேசாக வளைந்து நிமிர்ந்தது. கூரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரே இழுப்பில் எழுந்து, நாற்காலிக்கு மாறி, புடவையைச் சரிசெய்துகொண்டார் அக்கா. தம்பி இன்னும் அதே மாதிரி குனிந்து நின்றுகொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைக்க, கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமல்.

“டேய்” என்றார் அக்கா. “போதும். மூச்ச விடு.”